திண்ணை போலத் தெரியும் மேடை

தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் ஒரு காலத்தில் ஓர் அட்டை தவறாமல் தொங்கும்: ‘இங்கு அரசியல் பேசாதீர்’. பக்கத்திலேயே ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று இன்னொன்று. பெஞ்சில் தினத்தந்தி தாள் தாளாகப் பிரிந்து நாலு கை மாறிக்கொண்டிருக்கும். அந்த அட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் எம்.ஜி.ஆரா கருணாநிதியா என்ற தீராத வழக்கு நடக்கும். கடைக்காரர் கண்டுகொள்ள மாட்டார். வாக்குவாதம் நீண்டால் இன்னும் இரண்டு டீ ஓடும். சட்டைக் காலரில் கை போகும்போது மட்டும் கல்லாவிலிருந்து எழுந்து அட்டையைக் காட்டுவார்.

அந்த அட்டை இப்போது வாட்ஸப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டது. குடியிருப்போர் சங்க குரூப், பத்தாம் வகுப்புத் தோழர்கள் குரூப், சித்தப்பா பெரியப்பா மக்கள் எல்லாரும் இருக்கிற குடும்ப குரூப் என்று எதைத் திறந்தாலும் முகப்பில் ஒரு வரி இருக்கிறது: அரசியல், மதப் பதிவுகள் வேண்டாம். டீக்கடையில் யாரும் மதிக்காத விதியை இங்கே எல்லாரும் மதிக்கிறார்கள். மதிக்காத ஒருவரை அட்மின் நீக்குகிறார், அல்லது மனம் புண்பட்ட மாமா ஒருவர் ‘லெஃப்ட்’ ஆகிறார். அடுத்த கல்யாணத்தில் அவரைச் சமாதானப்படுத்த இரண்டு பேர் தனியாகப் போக வேண்டியிருக்கிறது. பெஞ்சில் பேசிச் சலிக்காத அதே மக்களுக்குக் கைபேசியில் மட்டும் அரசியல் ஏன் இவ்வளவு ஆபத்தான சரக்காகிவிட்டது?

வழக்கமாகச் சொல்லப்படும் நோய்க்காரணம் ஒன்று உண்டு. சமூக ஊடகம் நமக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது, நம் குரலின் எதிரொலியே நம் காதில் விழுகிறது, எதிர்த்தரப்பையும் கேட்க வைத்தால் மனம் தானாகத் திறக்கும் என்பது அந்த வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் கிறிஸ் பெய்லும் அவரது குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ட்விட்டரை அடிக்கடி பார்க்கும் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களைத் தேர்ந்தெடுத்து, எதிர்முகாம் தலைவர்களின் பதிவுகளை நாளுக்கு 24 என்ற கணக்கில் மறுபகிர்வு செய்யும் தானியங்கிக் கணக்கு ஒன்றை ஒரு மாதம் பின்தொடரச் சொன்னார்கள். அதற்குச் சிறு தொகையும் கொடுத்தார்கள். 2018-இல் வெளியான முடிவு, எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. குடியரசுக் கட்சியினர் முன்னைவிடக் கூடுதலாகப் பழமைவாதிகளாகிவிட்டிருந்தார்கள். ஜனநாயகக் கட்சியினரும் தங்கள் பக்கமே சற்று நகர்ந்திருந்தார்கள். ஆனால் அந்த நகர்வு புள்ளியியல் கணக்கில் நிற்கும் அளவுக்கு இல்லை. எதிராளியின் பேச்சைத் தினமும் கேட்டதில் யாருக்கும் மனம் இளகவில்லை.

2020 அமெரிக்கத் தேர்தலையொட்டி, வெளிப் பல்கலைக்கழக அறிஞர்கள் மெட்டா நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வுகளில் நான்கு, 2023 ஜூலையில் வெளிவந்தன. ஒன்றில், 23,000-க்கும் மேற்பட்டவர்களின் ஃபேஸ்புக்கில் ஒத்த கருத்துக்காரர்களின் பதிவுகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பார்த்தார்கள். இன்னொன்றில், கணினி நிரல் பொறுக்கித் தரும் வரிசையை எடுத்துவிட்டு நேர வரிசைப்படி பதிவுகளைக் காட்டினார்கள். மூன்று மாதம் ஆகியும் அரசியல் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. அந்தத் தேர்தல் காலத்தில் மெட்டா அவசர நடவடிக்கையாகத் தன் நிரலையே மாற்றி வைத்திருந்தது, அது முடிவுகளைப் பாதித்திருக்கலாம் என்ற விமரிசனம் பிறகு எழுந்தது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், குழாயைத் திருகினால் வெறுப்பு வடிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் மெலிவாகவே இருக்கிறது.

ஆக, எதிர்த்தரப்பு நம் காதில் விழாமல் இல்லை. நாள் முழுக்க விழுகிறது. எந்த வடிவத்தில் விழுகிறது என்பதில்தான் சிக்கல்.

தமிழ் அரசியல் இரண்டு இடங்களில் வளர்ந்தது: மேடையிலும் திண்ணையிலும். மேடையில் பேசுபவர் எதிராளியைப் பார்த்துப் பேசுவதுபோலத் தோன்றும். உண்மையில் கீழே உட்கார்ந்திருக்கும் தன் ஆட்களைப் பார்த்தே பேசுகிறார். அங்கே ‘நீங்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது’ என்று சொன்னால் அது தோல்வி. திண்ணையில் அதே வார்த்தை பேச்சின் நடுவே இயல்பாக வந்துபோகும், யாரும் கைதட்ட மாட்டார்கள், யாரும் குறித்துவைக்கவும் மாட்டார்கள். மறுநாள் அதே ஆள் அதே திண்ணைக்கு வந்தாக வேண்டும். சமூக ஊடகத்தின் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நாலு பேர் பேசிக்கொள்வதுபோல அது திண்ணையாகத் தோற்றம் தருகிறது. அமைப்போ முழுக்க முழுக்க மேடை. நண்பனுக்கு எழுதும் பதிலை அவனுடைய முந்நூறு நண்பர்களும் நம்முடைய முந்நூறு நண்பர்களும் படிக்கிறார்கள். பதில் யாருக்காக எழுதப்படுகிறது என்பதை எழுதுகிறவரே கவனிப்பதில்லை.

தமிழ் யூடியூபின் அரசியல் விவாதக் காணொளிகளில் முகப்புப் படத்தை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். கதறவிட்டார், தெறிக்கவிட்டார், வெச்சு செஞ்சார், வாயடைத்துப் போன அவர், தரமான சம்பவம். நாற்பது நிமிட விவாதத்தில் ஒருவர் திணறிய பன்னிரண்டு விநாடி தனியாக வெட்டப்பட்டு ஊர் சுற்றுகிறது. அவர் திணறாமல் சொன்ன மற்ற எல்லாம் எங்கேயோ கிடக்கிறது. ஒருவரோடு பேசத் தொடங்குமுன் அவருக்கு முத்திரை குத்தியாக வேண்டும்: உபி, சங்கி, தும்பி, அடிமை, அணில். எந்தக் கட்சியும் தப்பவில்லை, எந்தக் கட்சிக்காரரும் இந்தச் சொற்களைக் கண்டுபிடிப்பதில் சளைத்தவரும் இல்லை. ஏதாவது ஒரு விஷயத்தில் மாற்றுக் கட்சியின் திட்டத்தைப் பாராட்டினால் ‘முட்டுக் கொடுக்கிறான்’. பாராட்டியவர் அடுத்த முறை பேசாமல் இருந்துவிடுவார்.

இதற்கு எண்களும் உண்டு. ட்விட்டரில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, அறச்சீற்றம் கலந்த உணர்ச்சிச் சொல் ஒன்று கூடுதலாக இருந்தால் பகிர்வு ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுவதாகக் கண்டது. அமெரிக்க ஊடகங்கள், அரசியல்வாதிகள் ஆகியோரின் 27 லட்சம் பதிவுகளை எடுத்துக்கொண்ட 2021-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் காரமானது. எதிர்முகாமைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பகிரப்படும் வாய்ப்பு 67 விழுக்காடு உயர்ந்தது. நம் கட்சி என்ன செய்யும் என்று எழுதுவதைவிட, அவன் கட்சி எப்படிப்பட்டது என்று எழுதுவதற்குத்தான் விலை அதிகம்.

மேடையில் ஏறுகிறவர்களும் கொஞ்சம் பேர்தான். அமெரிக்க ட்விட்டர் பயனாளர்களில் 10 விழுக்காட்டினரே 80 விழுக்காடு பதிவுகளை எழுதுவதாக பியூ ஆய்வு மையம் 2019-இல் கணக்கிட்டது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலெக்சாண்டர் போரும் மைக்கேல் பாங் பீட்டர்சனும் இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தார்கள். நல்ல மனிதர்கள் இணையத்துக்கு வந்ததும் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்வதற்கில்லையாம். இணையத்தில் ஏசுகிறவர்கள் நேரிலும் ஏசுகிறவர்களே. முன்பு அவர்கள் தெருவோடு போனார்கள், இப்போது எல்லார் வீட்டுக்குள்ளும் கேட்கிறார்கள். நூறு பேரில் பத்துப் பேர் மைக்கைப் பிடித்துக்கொள்ள, மற்ற தொண்ணூறு பேர் எதிர்முகாம் முழுவதும் அந்தப் பத்துப் பேரைப் போலத்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இதெல்லாம் கைபேசி கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று நினைத்தால் தமிழ் அச்சு வரலாறு சிரிக்கும். 1867-இல் வள்ளலாரின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்ற பெயரில் அச்சேறின. அருட்பா என்று அழைக்கும் தகுதி இவற்றுக்கு உண்டா என்று ஆறுமுக நாவலர் தரப்பு எழுப்பிய கேள்வி, துண்டறிக்கைப் போராக மாறியது. மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, அதற்கும் கண்டனம். தலைப்பிலேயே வசை. 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வழக்கு போயிற்று. வள்ளலாரும் நாவலரும் மறைந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், கதிரைவேற் பிள்ளை ஒரு பக்கமும் செய்குத்தம்பிப் பாவலர் மறுபக்கமும் நின்று அந்தச் சண்டையைத் தொடர்ந்தார்கள். மலிவான அச்சு எந்திரம் கிடைத்தபோது இரண்டு பெரும் புலமை மரபுகள் செய்த வேலை இது. கீச்சு எழுதும் கல்லூரிப் பையனை மட்டும் கடிந்துகொள்வதில் பொருள் இல்லை.

அதே வரலாற்றில் திண்ணையும் இருக்கிறது. ராஜாஜி 1953-இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைப் பெரியார் குலக்கல்வி என்று ஊர் ஊராகப் போய்ச் சாடினார். 1954-இல் ராஜாஜி பதவியிலிருந்து விலகினார். மேடையில் அவர்களைப் போல எதிரெதிராக நின்றவர்கள் குறைவு. ஆனால் 1949-இல், தன் திருமண விஷயத்தில் யோசனை கேட்கப் பெரியார் தேடிப்போனது திருவண்ணாமலையில் இருந்த ராஜாஜியைத்தான். 1972 டிசம்பரில் ராஜாஜியின் உடல் எரியூட்டப்பட்டபோது, 93 வயதுப் பெரியார் சுடுகாட்டில் உட்கார்ந்து அழுதார். கொள்கையில் ஒருவர் மற்றவருக்கு அங்குலம்கூட விட்டுக்கொடுத்ததில்லை. இன்று அந்த 1949 சந்திப்பு நடந்திருந்தால், பத்து நிமிடத்தில் படம் வெளியாகி, இரண்டு பக்கத்துத் தொண்டர்களுக்கும் விளக்கம் சொல்லியே இருவரும் ஓய்ந்திருப்பார்கள்.

திண்ணையைப் பற்றி இப்படி ஏக்கமாகப் பேசும்போது ஒரு கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தத் திண்ணையில் யார் உட்கார முடிந்தது? இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடையின் பெஞ்சில் ஊரில் பாதிப் பேருக்கு இடமில்லை. பெண்கள் அந்த வழியாகத் தண்ணீர்க் குடத்தோடு போனார்கள், நின்று பேசவில்லை. அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்கள் முதன்முதலாகத் தம் பெயரில், தம் மொழியில், யாருடைய அனுமதியும் இல்லாமல் அரசியல் பேசியது சமூக ஊடகத்தில்தான். அந்த மேடையில் ஏறிய பிறகு அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு வேறு கதை. 2019 நாடாளுமன்றத் தேர்தலின்போது இந்தியப் பெண் அரசியல்வாதிகள் 95 பேரைக் குறிப்பிட்ட ட்வீட்களை ஆம்னெஸ்டி ஆராய்ந்தது. ஏழில் ஒன்று வசையாகவோ இழிவாகவோ இருந்தது. ஆகவே ‘எல்லாரும் போனை வைத்துவிட்டுப் பழைய மாதிரி நேரில் பேசுவோம்’ என்பது, பழைய மாதிரியில் இடம் இருந்தவர்களுக்கு மட்டுமே சுலபமான அறிவுரை.

அந்த அறிவுரையைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன்பு, பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக்கை மூடவைத்தார்கள். மூடியவர்களின் அரசியல் கருத்துகளில் தீவிரம் சற்றுக் குறைந்தது. நாட்டு நடப்பு பற்றிய அறிவும் கூடவே குறைந்தது. 2019-இல் பாஸ்னியாவில், ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை நினைவு நாளையொட்டி இதே சோதனை நடந்தபோது பலன் தலைகீழானது. ஃபேஸ்புக்கை மூடியவர்களுக்கு மாற்று இனத்தார் மீது மதிப்பு குறைந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. போர் அந்த ஊர்களை இனவாரியாகப் பிரித்துவிட்டிருந்தது. தெருவில் இறங்கினால் சொந்த இனத்தார் மட்டுமே. வேற்றினத்தாரை மனிதராகப் பார்க்கும் ஒரே சன்னலைச் சாத்திவிட்டால் என்ன ஆகும்? சாதிவாரியாகத் தெருக்கள் பிரிந்து கிடக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, மனம் மாறியதாக ஆதாரம் எங்கேதான் இருக்கிறது? மயாமி நகரத்து வீட்டு வாசல்களில்.

அந்தக் கதை ஒரு மோசடியிலிருந்து தொடங்குகிறது. 2008-இல் கலிஃபோர்னியா மக்கள் தன்பாலினத் திருமணத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் தன்பாலினத்தார் மையம் ஒன்றைச் சேர்ந்தவர்கள், எதிர்த்து வாக்களித்தவர்களின் கதவைத் தட்டி, ஏன் என்று கேட்கத் தொடங்கினார்கள். சண்டை போடப் போகவில்லை, கேட்டுவரப் போனார்கள். போகப் போக ஒரு பேச்சுமுறை உருவானது. அது பலன் தருகிறது என்று 2014 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்து பெரும் பரபரப்பு. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் அதே மாதிரி ஆய்வை மயாமியில் செய்ய முயன்றபோது, முதல் கட்டுரையின் தரவுகள் இடித்தன. தோண்டினால், தரவு நம்பத்தக்கதாக இல்லை. 2015 மே மாதம் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

பொய்யை வெளிப்படுத்தியதோடு அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. மயாமியில் தங்கள் ஆய்வை முடித்தார்கள். மாற்றுப் பாலினத்தார் மீதான பாகுபாடு பற்றி, முன்பின் அறியாத ஒருவர் வாசலில் நின்று பத்து நிமிடம் பேசுகிறார். புள்ளிவிவரம் இல்லை, வாதம் இல்லை. ‘நீங்கள் வித்தியாசமாக இருக்கிறீர்கள் என்பதற்காக யாராவது உங்களை ஒதுக்கியதுண்டா?’ என்கிற மாதிரி ஒரு கேள்வி. வீட்டுக்காரர் தன் கதையைச் சொல்கிறார். வந்தவரும் தன்னுடையதைச் சொல்கிறார். அந்தப் பத்து நிமிடத்தின் பலன் மூன்று மாதம் கழித்தும் நீடித்ததாக 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. முன்பு மோசடியாகச் சொல்லப்பட்ட விஷயத்தின் சாரம் உண்மையாகவே இருந்தது என்பது இதில் உள்ள வேடிக்கை. எது வேலை செய்கிறது என்று பின்னர் பிரித்துப் பார்த்தபோது, வாதத்தை மட்டும் எடுத்து வைத்தவர்களால் பலன் இல்லை. தீர்ப்புச் சொல்லாமல் இரு தரப்பும் அனுபவத்தைப் பரிமாறிக்கொண்டதே மாற்றியது. வாசலில் அந்த இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரர் மனம் மாறினால் அதற்குச் சாட்சி கிடையாது, கேலி செய்ய ஆள் கிடையாது.

கிறிஸ் பெய்லின் குழு பிறகு செய்த இன்னொரு சோதனை இதோடு ஒத்துப்போகிறது. இரு கட்சிக்காரர்களைப் பெயர் தெரியாமல், கைபேசிச் செயலி ஒன்றில் இருவர் இருவராகப் பேசவிட்டார்கள். தலைப்பு குடியேற்றம், துப்பாக்கிச் சட்டம் போன்ற நெருப்புச் சமாசாரங்கள். பிளவு குறைந்தது. முதல் சோதனையில் எதிர்முகாம் தலைவர்களின் மேடைப்பேச்சு காதில் ஊற்றப்பட்டது, இரண்டாவதில் ஓர் ஆள் இன்னோர் ஆளோடு பேசினார். ஒரே நாடு, ஒரே மாதிரி மக்கள். அமைப்பு மாறியதும் முடிவும் மாறிவிட்டது.

தைவானில் இதை அரசே முயன்றது. சீனாவோடான வணிக ஒப்பந்தத்தை எதிர்த்து 2014 மார்ச் 18 அன்று மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். சூரியகாந்தி இயக்கம் என்று அதற்குப் பெயர். அதன் பிறகு ‘கவ் ஸீரோ’ என்ற தன்னார்வ நிரலாளர் குழுவும் அரசும் சேர்ந்து ‘வி தைவான்’ என்ற கலந்தாய்வு முறையை உருவாக்கின. குழுவில் முன்நின்ற ஆட்ரி டாங் 2016-இல் அமைச்சரானார். அவர்கள் பயன்படுத்திய கருவியின் பெயர் போலிஸ். நம் ஊரில் இந்தப் பெயரைக் கேட்டால் இரண்டடி தள்ளி நிற்கத் தோன்றும். கிரேக்க மொழியில் நகரம் என்றுதான் பொருள். அதில் யார் வேண்டுமானாலும் ஒரு கருத்தை எழுதலாம், மற்றவர் கருத்துக்கு ‘ஆம்’, ‘இல்லை’, ‘கடந்துபோ’ என்று மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். பதில் எழுத மட்டும் பொத்தான் கிடையாது. திட்ட வழியில்லாததால், மாற்றுத்தரப்பும் ஏற்கும்படி ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்ப்பதுதான் மீதி வேலை.

2015-இல் ஊபர் டாக்சிப் பிரச்சினையை இதில் வைத்தபோது, தொடக்கத்தில் ஊபர் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு திட்டுகளாக மக்கள் பிரிந்தார்கள். சில வாரங்களில், பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும், ஓட்டுநர் முறையாகப் பதிய வேண்டும் என்பன போன்ற இரண்டு தரப்புக்கும் ஒத்த கருத்துகள் மேலே வந்தன. புதிய விதிகள் அவற்றை ஒட்டி அமைந்தன. ஊபர் 2017-இல் இரண்டு மாதம் கடையைச் சாத்திவிட்டு, பிறகு வாடகைக் கார் நிறுவனங்களோடு சேர்ந்து திரும்பி வந்தது. இந்த முறையைப் புகழ்வோர் சொல்லாமல் விடுவது: வி தைவானின் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. அதிகாரிகளுக்கு ஆர்வம் வற்றியபோது அதுவும் வற்றியது.

அயர்லாந்து இன்னும் கடினமான இடத்தில் கைவைத்தது. கத்தோலிக்க நாட்டில் கருக்கலைப்பு. 1983 முதல் அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தம் அதைத் தடுத்திருந்தது. எந்தக் கட்சியும் தொடத் துணியவில்லை. 2016-இல் வாக்காளர்களிலிருந்து ஏறத்தாழக் குலுக்கல் முறையில் 99 பேரைத் தேர்ந்து, நீதிபதி மேரி லாஃபாய் தலைமையில் மக்கள் அவை ஒன்றை அமைத்தார்கள். டப்ளினை அடுத்த மாலஹைடில் ஒரு விடுதியில், ஐந்து வார இறுதிகள். மருத்துவர்கள், சட்ட அறிஞர்கள், இரு தரப்பு அமைப்புகள் வந்து பேசியவை எல்லாம் நேரலையில் ஒளிபரப்பாயின. அதன் பிறகு உறுப்பினர்கள் ஏழெட்டுப் பேராக வட்ட மேசைகளில் உட்கார்ந்து பேசியபோது மட்டும் கேமரா கிடையாது. அந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு மேடைக்கும் திண்ணைக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

காரணம் கேட்காமல் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று அவையில் 64 விழுக்காட்டினர் சொன்னார்கள். அரசியல்வாதிகள் பலர் இது நாட்டின் மனநிலை இல்லை என்றார்கள். 2018 மே 25 பொது வாக்கெடுப்பில், தடையை நீக்க 66.4 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். இதை மந்திரக்கோலாக நினைப்பவர்களுக்கு 2024 மார்ச் பதில் சொன்னது. பாலினச் சமத்துவம் பற்றிய மற்றொரு மக்கள் அவையின் பரிந்துரையிலிருந்து பிறந்த இரண்டு திருத்தங்களை, அரசு வாசகத்தை மாற்றி வாக்கெடுப்புக்கு விட்டது. இரண்டையும் மக்கள் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள்.

கூட்டம் இல்லாத இடமாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. வாட்ஸப்பைப் போல அந்தரங்கமான இடம் வேறில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்றைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று சொல்லி ஒரு கும்பல் அடித்தது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டி இறந்தார். வாரக்கணக்கில் ஃபார்வர்டாகச் சுற்றிய வதந்தி அது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோதும் இதே பாதைதான். ஃபார்வர்ட் என்பது பேச்சு இல்லை, கேள்வி கேட்டால் அனுப்பியவருக்கே பதில் தெரியாது. 2018 ஜூலையில் வாட்ஸப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறிய செய்தியை ஒரு முறைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டும் என்று இறுக்கியது. அந்த வகைச் செய்திகள் 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனமே சொன்னது. யாருடைய மனதையும் திருத்தாமல், கதவின் அகலத்தைக் குறைத்ததில் கிடைத்த பலன் இது.

எக்ஸ் தளத்தின் சமூகக் குறிப்புகளும் இந்த வகை. 2021-இல் சோதனையாகத் தொடங்கிய இந்த முறையில், வழக்கமாக ஒருவரோடொருவர் ஒத்துப்போகாதவர்கள் இருதரப்பிலும் ‘பயனுள்ளது’ என்று சொன்னால் மட்டுமே திருத்தக் குறிப்பு வெளியே தெரியும். நல்ல யோசனை. ஆனால் எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை வெளிச்சத்துக்கே வருவதில்லை, வருபவையும் பொய் ஊர் சுற்றி முடித்த பிறகே வருகின்றன.

இந்தக் கருவிகள் எல்லாம், பேசியதற்காக யாரும் தூக்கிச் செல்லப்பட மாட்டார்கள் என்ற தைரியம் இருக்கும் இடத்தில்தான் வேலை செய்யும். 2012 நவம்பரில், பால் தாக்கரே மறைவுக்குப் பிறகான கடையடைப்பைக் கேள்வி கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதிய இளம்பெண்ணோடு, அதற்கு லைக் போட்ட தோழியும் மராட்டியத்தில் கைது செய்யப்பட்டார். அதற்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. செத்த பிரிவில் போலீசார் இன்னும் வழக்குப் போடுவது கண்டு 2021-இல் அதே நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. கும்பலின் பயம் தனி. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலிலிருந்து சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துத் திருச்செங்கோட்டில் பரப்பினார்கள். பன்னிரண்டு விநாடிக் காணொளியின் காகித வடிவம் அது. நாமக்கல்லில் நடந்த ‘சமாதானப்’ பேச்சுக்குப் பிறகு, 2015 ஜனவரியில் தாம் எழுத்தாளராக இறந்துவிட்டதாக அவர் ஃபேஸ்புக்கில் அறிவிக்க வேண்டி வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே மீண்டும் எழுதினார்.

இப்படிப் பேசவைக்கும் அமைப்பாகத் தமிழ்நாட்டின் கையிருப்பில் என்ன இருக்கிறது? பட்டிமன்றம் என்று உடனே பதில் வரும். மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் உண்டு, பெருமைதான். இன்றைய பட்டிமன்றத்தில் ஒரு நுட்பமும் இருக்கிறது. பேச்சாளருக்கு அணி ஒதுக்கப்படுகிறது. சென்ற வாரம் மருமகள் பக்கம் பேசியவர் இந்த வாரம் மாமியார் பக்கம் பேசுவார். தோற்றால் மானம் போகாது. கருத்தை ஆளிலிருந்து கழற்றி வைக்கும் இந்தப் பயிற்சியைப் பள்ளிகள் அரசியல் கேள்விகளுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் நடைமுறையில் பட்டிமன்றம் அரசியலின் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. பண்டிகைக் காலையில் இட்லியோடு கேட்கும் நகைச்சுவையாக அது நின்றுவிட்டது.

கவனிக்கப்படாமல் கிடப்பது கிராம சபை. சட்டம் கொடுத்த திண்ணை அது. தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் பேசப்பட்டதை வார்த்தை விடாமல் எழுதியெடுத்து ஆராய்ந்த பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், பழனிசாமி ஆகியோரின் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அது இனிப்பான செய்தி சொல்லவில்லை. பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகப் பேசினார்கள், பேசினாலும் அவர்கள் எழுப்பிய விஷயம் கூட்டத்தின் விஷயமாக மாறுவது குறைவு, அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் கிடைப்பதும் குறைவு. இட ஒதுக்கீட்டால் பெண் ஊராட்சித் தலைவர் அமர்ந்திருந்த இடங்களில் பெண்களின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. நாற்காலியில் யார் என்பது மாறியதும் செவி திறந்தது. நாடு கடந்து மயாமியிலும் தைவானிலும் மாலஹைடிலும் கண்டதும் இதே வகைதான்.

எனவே, குடும்ப குரூப்பில் அண்ணன் அனுப்பிய அரசியல் பதிவு எரிச்சலூட்டினால், அத்தனை பேர் முன்னால் பதில் போடாமல், ராத்திரி சாப்பிட்ட பிறகு அவருக்கே போன் போடுவது நல்லது. ‘இது உனக்கு ஏன்ணா இவ்வளவு முக்கியமா படுது?’ என்று கேட்டுப் பார்க்கலாம். ஊர் விஷயமென்றால் அதற்கு இடம் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. நகரங்களுக்கு 2022 நவம்பர் முதல் பகுதி சபைகளும் வந்துவிட்டன. அழைப்பிதழ் தேவையில்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.